பிடிக்காததையெல்லாம் பிடுங்கிப் போட்டு ஓர் ஆர்பிஜி

ஆர்பிஜி விளையாட்டுகளில், அதாவது ஒரு நாயகனாக உலவி, சண்டை போட்டு, பலம் ஏறிக்கொண்டே போகும் கணினி ஆட்டங்களில், எது பிடிக்கும், எது பிடிக்காது என்று ஒரு நோட்டில் வருஷக்கணக்காக எழுதி வந்தேன். இடது பக்கம் பிடித்தவை, வலது பக்கம் பிடிக்காதவை. இடது பக்கத்தில் ஏழே வரி. வலது பக்கம் நிரம்பி அடுத்த தாளுக்கும் போய்விட்டது. "குறை சொல்றது சுலபம், நீயே ஒண்ணு செஞ்சு காட்டேன்" என்று நண்பர் ஒருவர் சீண்டினார். சரி என்று உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரத்தில் முடிகிற சின்ன ஆட்டம்: ஒரு கிராமம், ஒரு காடு, ஒரு குகை, குகையின் கடைசியில் ஒரு பூதம். விதி ஒன்றுதான். வலது பக்கத்தில் எழுதியிருக்கும் எதுவும் ஆட்டத்தில் இருக்கக் கூடாது.

ஐந்து மாதத்தில் அந்த விதி பட்ட பாட்டைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

கருவி ஆர்பிஜி மேக்கர் எம்வி, இந்த வகை ஆட்டங்களைச் செய்வதற்கான மென்பொருள். 2015இல் வந்த பழைய பதிப்புதான். ஆனால் என்னிடம் ஏற்கெனவே இருந்தது. உள்ளே ஓடுவது ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழி என்பதால் திறந்து கைவைக்கவும் முடியும். சோதித்துப் பார்க்க இரண்டு பேர். ஒருவர் என்னைச் சீண்டிய அதே நண்பர், ஃபயர் எம்ப்ளம் என்ற ஆட்ட வரிசையைக் கரைத்துக் குடித்தவர். இன்னொருத்தி என் அக்கா மகள். அவளுக்கு இந்த வகை ஆட்டமே புதிது. இரண்டு பேரில் அவளிடமிருந்துதான் அதிகம் கற்றேன்.

வடிவமைப்புக்குப் போகும் முன்பே ஒரு வாரம் எழுத்திலேயே போய்விட்டது. மெனுவில் தமிழ் ஒழுங்காக வந்தது. உரையாடல் பெட்டியில் மட்டும் "கெ" என்று எழுதினால் முதலில் ஒரு "க", அதன் பிறகு புள்ளிவட்டத்தோடு ஒட்டாமல் நிற்கும் ஒரு கொம்பு. எழுத்துருதான் சரியில்லை என்று நான்கைந்து எழுத்துருக்களை மாற்றிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே கொம்பு. பொருள்களின் விளக்க வரியும் இதே மாதிரி உடைகிறது, ஆனால் பொருளின் பெயர் உடையவில்லை என்பதைக் கவனித்த பிறகுதான் பிடி கிடைத்தது. பெயரை இந்த மென்பொருள் முழுச் சொல்லாக ஒரே மூச்சில் வரைகிறது. உரையாடலை, தட்டச்சு செய்வது போலத் தெரிய வேண்டும் என்பதற்காக, ஒவ்வொரு குறியாக எடுத்துத் தனித்தனியே வரைகிறது. யூனிகோடில் "கெ" என்பது இரண்டு குறி: முதலில் க, பிறகு கொம்பு. திரையில் கொம்பு முன்னால் போக வேண்டுமானால் இரண்டும் சேர்ந்து வரையப்பட வேண்டும். அடுத்த குறி புள்ளியா, கொம்பா, காலா என்று பார்த்து, ஆமென்றால் அதையும் முன்னதோடு சேர்த்துக்கொள் என்று பத்து வரியில் ஒரு செருகுநிரல் எழுதினேன். சரியாகிவிட்டது. "க்ஷ", "ஸ்ரீ" இரண்டையும் தனியாகக் கவனிக்க வேண்டியிருந்தது.

இதில் தெரியாமல் நடந்த ஒரு நல்லது உண்டு. எம்வியின் உரையாடல் பெட்டி நான்கு வரிதான், வரியைத் தானாக மடிக்கவும் மடிக்காது. தமிழ்ச் சொற்களின் நீளத்துக்கு ஒரு வரியில் நாலு சொல் நிற்பதே பெரிய விஷயம். "கிராமத்துத் தலைவர் பத்து நிமிஷம் பேசுவது" என் வலது பக்கத்தின் மூன்றாவது வரி. என் தலைவரால் நினைத்தாலும் அவ்வளவு பேச முடியவில்லை.

வலது பக்கத்தின் முதல் வரி, கண்ணுக்குத் தெரியாத சண்டை. நடந்துகொண்டே இருப்போம், திடீரென்று திரை சுழலும், மூன்று வௌவால்கள் நிற்கும். பிடுங்குவதற்கு முன், எப்படி வேலை செய்கிறது என்று உள்ளே எட்டிப் பார்த்தேன். வரைபடத்தில் 30 காலடி என்று ஓர் எண் கொடுக்கிறோம். அந்த மென்பொருள் 0 முதல் 29 வரை இரண்டு எண்களைக் குலுக்கி எடுத்து, கூட்டி, 1 சேர்க்கிறது. அத்தனை அடி நடந்தால் சண்டை. ஆகக் குறைந்தது 1, ஆக அதிகம் 59, சராசரி 30. இரண்டு எண்ணைக் கூட்டுவதால் நடுவில் இருக்கும் எண்களே அதிகம் விழும். ஒரு சண்டை முடிந்து அடுத்த அடியிலேயே இன்னொன்று வருவது அபூர்வம். இவ்வளவு நிதானமாக யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள். பிறகு ஏன் என் காட்டில் மட்டும் மூச்சுவிட முடியாமல் சண்டை? புதர் என்று குறிக்கப்பட்ட கட்டத்தில் ஒரு அடி இரண்டு அடியாகக் கணக்காகும் என்பது எனக்குத் தெரியாது. அழகுக்காகக் காடு முழுக்கப் புதராகப் போட்டு வைத்திருந்தேன். பாதையில் புல்லை வெட்டிவிட்டதும் காடு பாதி அமைதியானது. இது தெரிந்த அன்றே கொஞ்சம் உறுத்தியது. நான் இத்தனை வருஷம் வெறுத்ததில் எவ்வளவு அந்த முறையின் குற்றம், எவ்வளவு அதைப் பயன்படுத்தியவரின் கவனக்குறைவு?

இருந்தாலும் விதி விதிதான். எடுத்தேன். 1995இல் வந்த க்ரோனோ ட்ரிக்கர் என்ற ஆர்பிஜியில் எதிரிகள் வரைபடத்திலேயே உலவுவார்கள், சண்டையும் அங்கேயே நடக்கும். அது என் இடது பக்கத்தின் முதல் வரி. சண்டைத் திரையை வரைபடத்துக்குக் கொண்டுவரும் தெம்பு எனக்கு இல்லை. எதிரி கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று ஒவ்வொருவனையும் ஒரு நிகழ்வாக, அதாவது வரைபடத்தில் வைக்கும் கட்டளைத் தொகுப்பாக, வைத்தேன்: நாயகனை நோக்கி வா, தொட்டால் சண்டை, தோற்றால் மறைந்துபோ.

நான் யோசிக்காத நான்காவது நிலை, தப்பி ஓடுவது. தப்பித்து வெளியே வந்தால் எதிரி பக்கத்திலேயே நிற்கிறான், உடனே தொடுகிறான், மறுபடி சண்டை. தப்பித்தால் அவன் மூன்று விநாடி, அதாவது 180 ஃபிரேம், செயலற்று நிற்கட்டும் என்று அந்த நிகழ்வுக்கு இன்னொரு கட்டளைப் பக்கம் சேர்த்தேன். அதைத் தானியங்கி என்று வைத்துவிட்டேன். இணை இயக்கம் என்று வைத்திருக்க வேண்டும். தானியங்கி நிகழ்வு ஓடும்போது நாயகனால் நகர முடியாது. ஆக, தப்பித்தவன் மூன்று விநாடி எதிரியின் முகத்தைப் பார்த்தபடி நின்று, பிறகு மீண்டும் சண்டைக்குள் இழுக்கப்பட்டான்.

"மாமா, ரெண்டு பேரும் என்ன ஒருத்தரை ஒருத்தர் முறைச்சிக்கிட்டே நிக்கிறாங்க? பேச்சுவார்த்தையா?"

இணை இயக்கத்துக்கு மாற்றினேன். ஒற்றைக் கட்ட அகலக் குகையில் செயலற்று நிற்பவன் வழியை அடைத்துக்கொண்டான். அவனை ஊடுருவிப் போகலாம் என்று ஒரு டிக். அது தீர்ந்தது.

ஆனால் ஆட்டம் உடைந்தது அதற்குப் பிறகுதான். அக்கா மகள் பெரும்பாலும் யாரையும் தொடாமல் வளைந்து நெளிந்து ஓடி, இரண்டாம் நிலையிலேயே (எதிரிகளை அடிக்க அடிக்க நாயகனின் நிலை ஏறும்) பூதத்திடம் போய் நின்று, இரண்டே சுற்றில் செத்தாள். நண்பர் கண்ணில் பட்ட அத்தனையையும் தேடித் தேடி அடித்து, மூன்றே சுற்றில் பூதத்தை முடித்துவிட்டார். ஒரே ஆட்டம், ஒருத்திக்குப் பாறை, இன்னொருவருக்குப் பஞ்சு.

இந்தக் கண்ணுக்குத் தெரியாத சண்டைக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1974இல் வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மேசை விளையாட்டில், நிலவறையில் நேரம் கழியக் கழிய ஆட்டத்தை நடத்துபவர் ஒரு பகடையை உருட்டிக்கொண்டே இருப்பார். எண் விழுந்தால் திரியும் அரக்கன் ஒன்று வந்து நிற்கும். அங்கே நின்று கதை பேசினால் அதற்கு விலை உண்டு. உள்ளே எவ்வளவு தூரம் போகிறோம், திரும்பி வரத் தெம்பு இருக்கிறதா என்ற கணக்கு எப்போதும் மனசில் ஓடும். கணினிக்கு வந்தபோது பகடை ஒளிந்துகொண்டது, கணக்கு மட்டும் மிஞ்சியது. நான் அதைப் பிடுங்கியதும் என் குகையில் தூரத்துக்கு அர்த்தமே போய்விட்டது. பத்து அடியும் இருநூறு அடியும் ஒன்றுதான். கிராமத்துச் சத்திரத்தில் இரண்டு பேரில் ஒருவர்கூடப் படுக்கவில்லை.

இரண்டு மாற்றம் செய்தேன். ஒன்று, எதிரிகளின் எண்ணிக்கையை 41 என்று நிறுத்தினேன். செத்தவன் திரும்பி வருவதில்லை. அதில் 9 பேர் குறுகலான இடங்களில் நிற்பார்கள், தாண்டிப் போக வழி கிடையாது. அந்த 9 பேரை மட்டும் அடித்தாலே ஆறாம் நிலை வந்துவிடும். மீதி 32 பேரையும் அடித்தால் எட்டாம் நிலை. பூதத்தை ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் பொருத்துவது, எல்லையே இல்லாத ஓர் எண்ணுக்குப் பொருத்துவதைவிட எவ்வளவோ மேல். இரண்டாவது மாற்றம், குகைக்குள் ஒரு விளக்கு. அடிக்கு ஒரு சொட்டு எண்ணெய். தீர்ந்தால் இருட்டு, இருட்டில் எதிரி செய்யும் சேதம் இரட்டிப்பு. எழுதி முடித்துவிட்டுப் பார்த்தால், அடியை எண்ணுகிற அதே கணக்கு! வாசலில் விரட்டியதைக் கொல்லைப்புறமாக நானே கூட்டி வந்திருக்கிறேன். ஒரே வித்தியாசம், இப்போது எண் திரையில் தெரிகிறது. அது பெரிய வித்தியாசம் என்றுதான் இன்னமும் நினைக்கிறேன்.

அடுத்தது குறி தவறுதல். கூர்மையான வாளை ஓங்கி, எதிரியின் மேல் இறக்கி, "தவறிவிட்டது" என்று வருவதைப் போல எரிச்சல் மூட்டுவது எதுவும் இல்லை. 2002இல் வந்த மாரோவிண்ட் என்ற ஆட்டத்தில் வாள் எதிரியின் உடம்பு வழியாகவே போவது கண்ணால் தெரியும்; உள்ளே பகடை "படவில்லை" என்று தீர்ப்புச் சொல்லும். எம்வியில் முன்னிருப்பாக, அதாவது நாம் எதையும் மாற்றாவிட்டால், தாக்குபவனுக்குக் குறி 95 சதவீதம், எதிரிக்கு விலகல் 5 சதவீதம். இரண்டையும் தனித்தனியாகக் குலுக்குவதால் உண்மையில் படுவது 95இல் 95 சதவீதம், அதாவது சுமார் 90. பத்தில் ஒன்று வீண். மூன்று பேர் கொண்ட குழுவுக்கு மூன்று சுற்றுக்கு ஒரு முறை ஏமாற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மறைக்காமல் காட்டுவோம் என்று, எதிரியின் தலைக்கு மேல் 85 என்று சதவீதத்தைப் போட்டேன். நண்பர் முதல் நாளே சண்டைக்கு வந்தார்.

"இது எண்பத்தஞ்சு இல்லப்பா. கணக்குல எங்கயோ கோட்டை விட்டிருக்க."

ஆயிரம் தாக்குதலை ஓடவிட்டு எண்ணிக் காட்டினேன். 85ஐ ஒட்டித்தான் வந்தது. அவர் நம்பவில்லை. அவரது பழக்கம் அப்படி. 2002இல் வந்த தி பைண்டிங் பிளேடு தொடங்கி ஃபயர் எம்ப்ளம் வரிசையின் பல ஆட்டங்களில் ஒரு எண்ணுக்குப் பதில் இரண்டு எண்களைக் குலுக்கி, அவற்றின் சராசரியைத்தான் சதவீதத்தோடு ஒப்பிடுவார்கள். சராசரி நடுவை நோக்கி இழுக்கும். அதனால் திரையில் 80 என்று இருந்தால் உண்மையில் 92 முறை படும். 30 என்று இருந்தால் 18தான். நாம் அடிப்பது பெரும்பாலும் 50க்கு மேல், எதிரி அடிப்பது பெரும்பாலும் கீழே. இரண்டு பக்கமும் நமக்கே லாபம். மனித மூளை 80 என்பதை "அநேகமாக உறுதி" என்றுதான் படிக்கிறது. அந்தப் படிப்புக்கு ஏற்றபடி உண்மையை வளைத்திருக்கிறார்கள். ஒரு வரியில் நானும் அதைப் போட்டுப் பார்த்தேன். நண்பர் "இப்பதான் சரியா இருக்கு" என்றார். பொய் சொன்னால்தான் நம்புகிறார்!

அவருக்குப் பிடித்தது, எனக்கு ஒட்டவில்லை. எண்ணைக் காட்டிவிட்டு அந்த எண்ணை மதிக்காமல் இருப்பது என்னவோ போலிருந்தது. கடைசியில் தவறுவதையே எடுத்துவிட்டேன். எல்லா அடியும் படும்; குலுக்கல் சரியாக விழாவிட்டால் உரசிக்கொண்டு போய்ப் பாதிச் சேதம் செய்யும். எரிச்சல் போனது. கூடவே, உயிர் 3 மட்டும் மிஞ்சி நிற்கும்போது எதிரி குறி தவறி நாம் பிழைக்கும் அந்தப் பரவசமும் போனது. அது என் இடது பக்கத்தில், நாலாவது வரியில் இருந்தது. இரண்டும் ஒரே பகடை என்பது நோட்டில் எழுதும்போது எனக்கு உறைக்கவில்லை.

இந்த மாற்றத்தால் சேதக் கணக்கும் அம்பலமானது. எம்வியின் முன்னிருப்புச் சூத்திரம்: தாக்குதலை நாலால் பெருக்கு, எதிரியின் தற்காப்பை இரண்டால் பெருக்கிக் கழி. தாக்குதல் 20, தற்காப்பு 30 என்றால் 80இல் 60 போக 20. தாக்குதலை 22 ஆக்கினால் 28. வாளில் இரண்டே புள்ளி கூடியதற்குச் சேதம் 40 சதவீதம் எகிறுகிறது. தாக்குதல் 15 என்றால் பூஜ்யம், கீறல்கூட விழாது. கழித்தல் இருக்கும் இடத்தில் இந்த விளிம்பு இருந்தே தீரும். தாக்குதலைத் தாக்குதலாலேயே பெருக்கி, தாக்குதலும் தற்காப்பும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுக்கும்படி மாற்றினேன். அதே 20க்கு 8 வருகிறது, 22க்கு 9.3. உயர்வு 16 சதவீதம். எண் சிறிதாகத் தெரிகிறதே என்று நாலால் பெருக்கிவிட்டேன். பூஜ்யம் என்பதே கிடையாது. ஐந்து மாதத்தில் நான் செய்ததில் வருத்தமே இல்லாத மாற்றம் இது ஒன்றுதான்.

மருந்துக் குப்பி. எல்லா ஆட்டத்திலும் "பிறகு தேவைப்படும்" என்று சேர்த்து வைத்து, கடைசியில் மூட்டையோடு போய்ச் சேருவோம். அக்கா மகள் முதல் சோதனையில் பூதத்திடம் சாகும்போது பையில் 23 குப்பி இருந்தது. டார்க் சோல்ஸ் என்ற ஆட்டம் 2011இல் செய்த வழியை எடுத்துக்கொண்டேன்: குப்பிக்கு எண்ணிக்கை உண்டு, என் ஆட்டத்தில் மூன்றுதான், ஓய்வெடுத்தால் தானாக நிரம்பும். இரண்டாவது சோதனையில் மூன்றையும் கூச்சமில்லாமல் குடித்தாள். அதற்கு விலை, என் 14 பெட்டிகளும் காலியாகிவிட்டன. பெட்டியைத் திறந்தால் குப்பி என்பதைத் தவிர நான் வேறெதுவும் யோசித்திருக்கவில்லை. விளக்குக்கு எண்ணெய், குப்பிக்கு வலுவேற்றும் மூலிகை என்று எட்டுப் பெட்டியை நிரப்பினேன், ஆறை அழித்தேன்.

நாயகனோடு சேர்ந்து எதிரியும் வளர்வது: 2006இல் வந்த ஒப்லிவியன் என்ற ஆட்டத்தில் நம் நிலை ஏற ஏற, வழிப்பறித் திருடன்கூட விலையுயர்ந்த கண்ணாடிக் கவசத்தில் வந்து நம்மிடம் சில்லறை கேட்பான். இதைப் போடவே இல்லை, ஆகவே பிடுங்கவும் இல்லை. மாறாக, 1994இல் வந்த மதர் 2, வெளிநாட்டுப் பெயர் எர்த்பவுண்ட், அதில் நாம் பலசாலியாகிவிட்டால் பழைய எதிரிகள் நம்மைப் பார்த்து ஓடுவார்கள். அதை வைத்தேன். நாயகன் ஐந்தாம் நிலை தொட்டதும், காட்டில் மிச்சமிருப்பவர்களுக்கு "நாயகனை விட்டு விலகிப் போ" என்ற நகர்வு.

திசைகாட்டும் அம்புக்குறி வேண்டாம் என்பதில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். மாரோவிண்டைத் திட்டினேனே, அதில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்: ஊர்க்காரர்கள் வாயால் வழி சொல்வார்கள், நாட்குறிப்பு அதைக் குறித்து வைத்துக்கொள்ளும், பார்த்துப் பார்த்துப் போவோம். அதே மாதிரி எழுதினேன். வைத்தியரைத் தேடிப் போகச் சொல்லும் கிழவி, "கிணத்துக்கு வடக்கால போ, ரெண்டாவது ஒத்தையடிப் பாதை" என்பாள்.

"மாமா, இதுல வடக்குன்னா எந்தப் பக்கம்?"

நியாயமான கேள்வி. திரையில் எங்கும் நான் திசை காட்டவில்லை. "மேலே" என்று சொன்னேன். இருபது நிமிஷம் காட்டைச் சுற்றிவிட்டு வந்து, கிணறே இல்லை என்றாள். சும்மா சொல்கிறாள் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் நிஜமாகவே கிணறு இல்லை. மூன்று வாரம் முன்பு கிராமத்தை விரிவாக்கியபோது அதைப் பெயர்த்து மறுகோடிக்கு நகர்த்தியிருந்தேன். கிழவியிடம் யாரும் சொல்லவில்லை. அம்புக்குறி ஆயத்தொலைவைப் படிக்கும், கிணறு எங்கே போனாலும் கூடவே போகும். வாயால் சொன்ன வழியை மனிதன்தான் ஒவ்வொரு முறையும் திருத்த வேண்டும். அதற்குக் குரலும் பதிவு செய்திருந்தால் நடிகரைத் திரும்பக் கூப்பிட வேண்டும். பெரிய ஆட்டங்கள் ஏன் அம்புக்குறிக்குப் போயின என்பது அன்று புரிந்தது. சோம்பேறித்தனம் என்று நோட்டில் எழுதியிருந்ததை அடித்தேன்.

ஆனாலும் அம்பு வைக்கவில்லை. வழி சொல்லும் 11 வசனங்களையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றும் எந்த மரத்தை, எந்தப் பாலத்தை நம்பியிருக்கிறது என்று பக்கத்தில் குறித்துக்கொண்டேன். வரைபடத்தில் எதையாவது நகர்த்தினால் அந்தத் தாளைப் பார்ப்பேன். திசைப் பெயர்களை எடுத்துவிட்டு "கிணத்துக்குப் பின்னால சாஞ்ச மரம் தெரியுதா?" என்று மாற்றினேன். சாய்ந்த மரம் ஒன்றுதான் இருக்கிறது. இரண்டு பேரும் தொலையவில்லை.

மூன்றாவது சோதனையில் அக்கா மகள் ஏழாம் நிலையில் பூதத்தை ஒன்பது சுற்றில் வென்றாள். விளக்கில் பாதி எண்ணெய் மிச்சம். ஆட்டம் முடிந்த பிறகும் அவள் காட்டுக்குள் ஏதோ செய்துகொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். ஆரம்பத்தில் அவள் தொடாமல் விட்ட எதிரி, பச்சைக் கூழ் உருவம் ஒன்று, அவளைப் பார்த்து ஓடி, பாறைக்கும் மரத்துக்கும் நடுவில் மூலையில் மாட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தது. விலகிப் போ என்ற கட்டளைக்கு மூலையில் வழி கண்டுபிடிக்கத் தெரியாது. இடமும் வலமுமாக முட்டிக்கொண்டே இருக்கும். எனக்கு அது தெரிந்த பிழை, திருத்த வேண்டிய பட்டியலில் பதினாறாவது.

"பாவம் மாமா, பயப்படுது" என்று இரண்டு அடி பின்னால் போனாள். கூழ் விடுபட்டு மரத்தைச் சுற்றிக்கொண்டு ஓடியது. மறுபடி கிட்டே போகாமல், காட்டின் விளிம்பில் நின்று அது எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினாறை அடித்துவிட்டேன். பதினேழு, சத்திரத்தில் படுத்து எழுந்தால் பின்னணி இசை திரும்ப வருவதில்லை. அதை இந்த வாரம் பார்க்க வேண்டும்.